தல்வா அல்ல, தொல்வா

ஐஸ்லாந்து விளம்பரம் ஒன்றில் இன்று 'தல்வா விற்பனைக்கு' என்றிருந்தது. ஓரெழுத்துப் பிழைதான். கண் அங்கேயே நின்றுவிட்டது.

கணினிக்கு அங்கே சொல் 'தொல்வா'.

1960களில் அறிஞர் சிகுர்துர் நோர்தால் ஆக்கியது. 'தாலா' என்றால் எண். 'வொல்வா' என்றால் பழங்காலக் குறிசொல்லி. கோல் ஏந்தியவள் என்பது அப்பெயரின் வேர்ப்பொருள். இரண்டையும் இணைத்தார்.

எண்களால் குறி சொல்பவள்! என்ன அழகான சொல்.

பிழைக்கும் காரணம் உண்டு. 'சாகா' (கதை) வேற்றுமையில் 'சோகு' ஆகும். பின்னால் வரும் உகரம் முன்னுள்ள அகரத்தின் ஒலியைத் திரித்துவிடும். 'தொல்வா'வும் வேற்றுமையில் 'தொல்வு' ஆகும். அதே பழக்கத்தில், 'தொல்வு' என்று கேட்டவர்கள் எழுவாய் 'தல்வா' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆனால் இந்த ஒகரம் குறிசொல்லியிடமிருந்து வந்தது. எந்த வேற்றுமையிலும் மாறாது.