பெயரிங் இடைவெளியும் போல்ட் மரையும்: செய்முறை மதிப்பீட்டில் நான் கற்றது

என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4 மோட்டார் மெக்கானிக் மதிப்பீட்டுக்கு நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை எஞ்சின் பகுதியில் 'இன்னும் தேர்ச்சி பெறவில்லை' என்று வந்தது. திருகோணமலையில் இந்த முறை தயாராகும் தம்பி தங்கைகளுக்கு அந்த நாளின் கதைதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம். கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கழற்றி, கிராங்கை, அதாவது பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டை, கழுவி, காயட்டும் என்று வெளியே வாங்கின் மேல் வைத்தேன். அரை மணித்தியாலம் வெயிலில் கிடந்தது. உள்ளே தூக்கி வந்த கையோடு மைக்ரோமீட்டரால் அளந்தேன். மெயின் ஜேர்னல் (பெயரிங்கில் சுழலும் தண்டின் பகுதி) 63.48 மில்லிமீட்டர். பெயரிங்கைப் போட்டு, அதை மூடிப் பிடிக்கும் கேப்பை இறுக்கி, உள்விட்டம் பார்த்தால் 63.53. கழித்தால் இடைவெளி 0.05. பிறகு பிளாஸ்டிகேஜ், அதாவது நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை, வைத்துப் பார்த்தபோது 0.06 காட்டியது. இரண்டும் ஒத்துவரவில்லை. அவசரத்தில் தாளின் இரண்டு கட்டங்களிலும் 0.05 என்றே எழுதிவிட்டேன்.

மதிப்பீட்டாளர் தாளைப் பார்த்தார். நசுங்கிய பிளாஸ்டிகேஜ் இழையையும் பார்த்தார். "தம்பி, கிராங்கைத் திரும்ப ஒருக்கா அளந்து பாருங்கோ" என்றார். இப்போது 63.47. வெயிலின் சூடு ஆறியிருந்தது, அவ்வளவுதான். 63 மில்லிமீட்டர் உருக்குத் தண்டு 18 பாகை கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.013 மில்லிமீட்டர் பெருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் நாம் தேடுகிற இடைவெளியே ஒரு தலைமயிரின் தடிப்புத்தானே. அந்த எஞ்சினுக்கு இரண்டு எண்ணுமே கையேட்டின் எல்லைக்குள்தான் இருந்தன. நான் தேறாமல் போனது, கண்டதை மாற்றி எழுதியதால். அவர் செய்தது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆகவே கிராங், பிளாக் (எஞ்சினின் உடல்), மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே நிழலில் குறைந்தது ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு அளங்கள். ஒவ்வொரு ஜேர்னலிலும் இரண்டு இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால்தான் கூம்பலும் முட்டை வடிவமும் பிடிபடும். இடைவெளி கூடினால் எண்ணெய் அந்த வழியாக ஓடி அழுத்தம் விழும், எஞ்சின் தட்டும். குறைந்தால் எண்ணெய்ப் படலம் நிற்க இடமில்லை, பெயரிங் பிடித்துக்கொள்ளும்.

பிளாஸ்டிகேஜில் பலர் தவறுவது மூன்று இடங்களில். அது எண்ணெயில் கரையும், எனவே ஜேர்னலும் பெயரிங்கும் உலர்ந்திருக்க வேண்டும். பிளாக்கைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் கிராங்கின் பாரம் கேப் பக்கமே இறங்கி அளவைக் குழப்பும். இழையை வைத்து இறுக்கிய பிறகு கிராங்கை ஒரு இம்மியும் சுழற்றக்கூடாது. இழை எவ்வளவு அகலமாக நசுங்குகிறதோ அவ்வளவு இடைவெளி குறைவு. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுக்கமாகவும் இருந்தால் ஜேர்னல் கூம்பியிருக்கிறது.

இனி போல்ட். பயிற்சியில் இதற்கு ஒதுக்குகிற நேரம் போதாது என்பது என் கருத்து. குறித்த அளவு முறுக்கியதும் 'டிக்' என்று சொல்லும் டோர்க் ரெஞ்சில் கொடுக்கிற பலத்தில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடுகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் துரு இருந்தால் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், கேப் இறுகியிருக்காது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் எஞ்சின்களைக் கழற்றியவர்களுக்கு உப்பு மரையை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, காற்றடியுங்கள். கண்ணாடி போடாமல் காற்றடிக்க வேண்டாம். அடி மூடிய ஓட்டையில் எண்ணெய் தேங்கியிருந்தால் இறங்கும் போல்ட் அதை அழுத்தி, பிளாக்கையே வெடிக்க வைத்துவிடும். ஓட்டை மரையைச் சுத்தம் செய்ய மரை வெட்டும் கருவியான டேப்பைப் போட்டால் நல்ல உலோகமும் போகும். அதே அளவுப் பழைய போல்ட் ஒன்றில் வாளால் நீளவாக்கில் கீறல் வெட்டி இறக்கினால் போதும்.

கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டு) போல்ட்டுக்கு நட்டை விரலால் மட்டும் அடிவரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் இறுகினால் போல்ட் இழுபட்டிருக்கலாம். வேர்னியரால் நடுப்பகுதியையும் அளந்து பாருங்கள். கையேடு புதிது போடச் சொன்னால் புதிதுதான், விலையைப் பார்க்க வேண்டாம். மரைக்கு எண்ணெய் தடவுவதா உலர்வாக விடுவதா என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள். உலர்ந்த மரைக்கான அளவை எண்ணெய் தடவிய போல்ட்டுக்குக் கொடுத்தால் அது அளவுக்கு மீறி இழுபடும்.

இரண்டாம் தடவை எனக்குக் கிடைத்தது பழைய பிரிட்டிஷ் டிராக்டர் எஞ்சின், அங்குல மரை. எண்ணெய்த் தட்டுக்கான போல்ட் ஒன்று மூன்றாம் மரையில் விரலுக்குள் இறுகியது. ரெஞ்சை எடுக்காமல் வெளியே எடுத்து மரை அளவியை வைத்தேன். 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று 5/16 அங்குலப் போல்ட்டுகளோடு கலந்திருந்தது. தொடக்கத்தில் இரண்டு மூன்று மரை போகும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் ஓட்டை மரை செத்துவிடும். அதைத் தனியே வைத்து, தாளிலும் எழுதினேன்.

கேப்புகளைப் பூட்டும்போது அவற்றின் இலக்கத்தையும் திசையையும் பார்த்து, ஒவ்வொன்றையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். நான்காவது கேப்பில் கொஞ்சம் பாரமாகத் தெரிந்தது. கழற்றினால், பெயரிங்கின் முதுகில் துணி நூல் ஒன்று ஒட்டியிருந்தது. துடைத்துப் பூட்டிய பிறகு லேசாகச் சுழன்றது.