ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர்

சென்னை மாகாணத்தின் பழைய விலை, சாகுபடி அட்டவணைகளைத் தேடிப் பெறுவது இன்று கடினமான வேலையன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் தெற்காசிய நூலகத்தில் பிரித்தானிய இந்தியாவின் புள்ளிவிவரத் தொகுப்புகள் உள்ளன. இன்டர்நெட் ஆர்க்கைவில் மாவட்டக் கையேடுகளின் படிமங்கள் கிடைக்கின்றன. 1966க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு, ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் இயங்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்டத் தரவுத்தளம் இருக்கிறது. இவற்றைக் கொண்டு சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களின் அரிசி விலையையும் நெல் பரப்பையும் ஒரே தொடராகக் கோக்க முயன்று வருகிறேன். எண்களைத் தேடுவதைவிட, கிடைத்த எண் எதைக் குறிக்கிறது என்று அறிவதற்கே அதிக நேரம் செல்கிறது.

விலையையே எடுத்துக்கொள்வோம். பழைய அட்டவணைகள் பலவற்றில் விலை என்பது ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் (பழைய எடையளவு) தானியம் கிடைத்தது என்ற கணக்காகவே அச்சாகியிருக்கிறது. ஆகவே எண் குறைந்தால் விலை ஏறியது என்று பொருள். 1876-78 பெரும்பஞ்சத்தின் ஆண்டுகள் வரைபடத்தில் மேடாக எழாமல் பள்ளமாக விழுகின்றன. இது ஒரு முறை கவனித்தால் தெரிந்துவிடும். எளிதில் கண்ணில் படாதது சராசரி எடுப்பதில் உள்ள சிக்கல். ஓரூரில் ரூபாய்க்கு 10 சேரும் மற்றோரூரில் 20 சேரும் விற்றால், சராசரி 15 சேர் என்று போடத் தோன்றும். ஆனால் ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கில் முதலூரில் சேருக்கு 1.6 அணா, அடுத்ததில் 0.8 அணா, சராசரி 1.2 அணா, அதாவது ரூபாய்க்கு 13.3 சேர். ஊர்களுக்கிடையே விலை வேறுபாடு மிகும் பஞ்ச காலத்தில்தான் இந்தப் பிழையும் மிகுதியாகும் என்பதால், ஒவ்வொரு எண்ணையும் முதலில் சேருக்கு இத்தனை அணா என்று மாற்றிவிட்டுப் பின்னரே கூட்டுகிறேன்.

சேரும் ஒன்றல்ல. அரசாங்க அறிக்கைகள் சொல்லும் சேர் 80 தோலா, ஏறத்தாழ 933 கிராம். சென்னை வட்டாரச் சேரோ 24 தோலாதான். இன்னும் பழைய மாவட்டக் கணக்குகளில் விலை கரிசைக்கு இத்தனை ரூபாய் என்று வரும். கரிசை என்பது 400 மரக்கால், மரக்கால் 8 படி. இது நிறுத்தலளவை அன்று, முகத்தலளவை. நெல்லுக்கும் அரிசிக்கும் ஒரே படியின் எடை வேறுபடுவதால், எந்தத் தானியத்துக்கான விலை என்று தலைப்பில் தெளிவாக இல்லாத பக்கங்களை நான் பயன்படுத்துவதில்லை.

ஆண்டுக் கணக்கும் இடறும். விலைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில ஆண்டைப் பின்பற்ற, சாகுபடிக் கணக்கு ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டில் ஓடுகிறது. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். 1286ஆம் பசலி 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. விலையையும் விளைச்சலையும் ஒப்பிட விரும்புவோர், மாதவாரி விலை கிடைத்தால் அதைப் பசலிக்கேற்பத் தொகுத்துக்கொள்வது நல்லது.

பரப்பை ஓரளவு நம்பலாம் என்பது என் கருத்து. உழவரிடமிருந்து அரசே நேராக வரி வாங்கிய ரயத்துவாரி கிராமங்களில் நிலவரி புலம் புலமாக விதிக்கப்பட்டதால், கர்ணம் என்ற கிராமக் கணக்கர் எழுதிய அடங்கல் என்னும் சாகுபடிப் பதிவேட்டில் பரப்புக்கு ஓர் அடிப்படை இருந்தது. ஜமீன்தார்கள் வழியாக வரி வந்த ஜமீன் பகுதிகளுக்கு அத்தகைய பதிவு நெடுங்காலம் இல்லை. அவை கணக்கில் சேர்ந்த ஆண்டில் சாகுபடி திடீரெனப் பெருகியதுபோல் தோன்றும். விளைச்சல் எண் வேறு வகையைச் சேர்ந்தது. பரப்பை, வழக்கமாகக் கிடைக்கும் என்று வகுத்த ஒரு நியம விளைச்சலால் பெருக்கி, அந்த ஆண்டுப் பயிர் முழு விளைச்சலில் எத்தனை அணாப் பங்கு தேறும் என்ற மதிப்பீட்டால் அதைக் கூட்டிக் குறைத்து எழுதியதே பழைய மொத்த விளைச்சல். அதை வைத்து ஏக்கருக்கான விளைச்சல் ஏறியதா இறங்கியதா என்று வாதிடுவது, மதிப்பிட்டவரின் மனநிலையை அளப்பதாகவே முடியக்கூடும்.

படிமத்திலிருந்து எழுத்துணரி (OCR) மென்பொருள் பிரித்த எண்களில் 3, 8 ஆகவும் 1, 7 ஆகவும் மாறிக் கிடக்கும். வட்டவாரி எண்களைக் கூட்டி, அச்சிட்ட மாவட்ட மொத்தத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவை பிடிபடுகின்றன. அச்சுக்கூடமே தவறிழைத்த இடங்களும் உண்டு.

எல்லைகளே மீதமுள்ள தலைவலி. நாமக்கல் வட்டம் 1910இல் சேலத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சென்று பின்னர் திரும்பியது. தருமபுரி 1965இல் தனி மாவட்டமானது. தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்ததும் நெல் பரப்பு சரிந்துவிட்டதாக அட்டவணை காட்டுகிறது. இக்ரிசாட் தரவுத்தளம் பின்னர் உருவான மாவட்டங்களை 1966ஆம் ஆண்டின் எல்லைக்குள் திரும்பச் சேர்த்துத் தருவதால் தஞ்சாவூர்த் தொடர் அறுபடுவதில்லை. ஆனால் தருமபுரி அதற்கு முந்தைய ஆண்டிலேயே பிரிந்துவிட்டதால், பழைய சேலத்தோடு இணைக்கும்போது அது சேலத்துக்குள் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் 1974இல் உருவானபோது திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய இரண்டிலிருந்தும் நிலம் பெற்றது. அதன் எண்களை விகிதப்படி பிரித்துப் பழைய மாவட்டங்களுக்கு அளிப்பது ஓர் ஊகமே. தஞ்சாவூரின் நீண்டகாலப் போக்குக்கு அந்த ஊகம் போதும். ஒரு குறிப்பிட்ட ஆண்டின் ஏற்ற இறக்கத்தை ஆராய்பவர்கள் பிரிக்கப்படாத மூல எண்களையே எடுத்துக்கொள்ளலாம். அவையும் அதே தளத்தில் தனியாகக் கிடைக்கின்றன.