எனக்கு நானே தரும் சம்பளம்

2025 ஜூன் 2, திங்கள்

அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளனாகப் பார்த்த வேலை மே மாதத்தோடு முடிந்தது. இனிக் கொழும்பு, கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையிலிருந்து திருமண அழைப்பிதழ்களையும் நினைவு மலர்களையும் புத்தகப் பக்க அமைப்பையும் சொந்தமாகச் செய்யப்போகிறேன். பதினைந்து பேருக்குக் குறைவானவர்களே வேலை செய்த இடம் என்பதால் பணிக்கொடை கிடையாது. ஊழியர் சேமலாப நிதியில் உள்ளதைப் பொதுவாக 55 வயது வரை தொட முடியாது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் சேர்ந்திருப்பது மட்டும் கைக்கு வரும்.

கடன்கள் மூன்று. கடனட்டையில் 400,000 ரூபா, ஆண்டு வட்டி 28 சதவீதம். கணினிக்கு மாதத் தவணை 9,500 ரூபா. அம்மாவின் இரண்டு காப்புகளை அடகு வைத்து எடுத்த 180,000 ரூபா, கலர் பிரிண்டராக மாறி மேசைமேல் இருக்கிறது. மூன்றும் என் பெயரில் இருந்தாலும் மூன்றும் ஒரே வகைக் கடன் அல்ல. கணினியும் பிரிண்டரும் சம்பாதித்துத் தருபவை. ஆகவே அவற்றின் தவணையையும் வட்டியையும் தொழில் கட்ட வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மளிகைக்கும் தேய்த்த அட்டை வீட்டுச் செலவுக் கடன். அதை என் சம்பளம்தான் கட்ட வேண்டும். கடன் யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட அது எதை வாங்கியது என்பதை வைத்துப் பிரிப்பதே சரியென்று எனக்குப் படுகிறது.

2025 ஜூன் 17, செவ்வாய்

பிரதேச செயலகத்திலிருந்து வியாபாரப் பெயர்ப் பதிவு கைக்கு வந்ததும் அதையும் வரி இலக்கத்தையும் கொண்டுபோய் நடைமுறைக் கணக்கொன்று திறந்தேன். கடனட்டை தந்த வங்கியில் திறப்பதுதான் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அட்டை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில், நிலுவை ஏற்பட்டால் அதே வங்கியில் உள்ள என் மற்றக் கணக்குகளிலிருந்து அதை ஈடுசெய்துகொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டென்று எழுதியிருக்கிறது. வாடிக்கையாளர் தாளுக்குத் தந்த முற்பணம் அட்டைப் பாக்கிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வீதிக்கு எதிர்ப்பக்கத்திலுள்ள வேறு வங்கிக்குச் சென்றேன்.

இந்தப் பிரிப்பு சட்டத்தின் கண்ணில் பெரிதாக ஒன்றுமில்லை என்பதும் தெரியும். தனிநபர் வியாபாரத்துக்கும் அதை நடத்துபவருக்கும் இடையே சட்டம் சுவர் எழுப்புவதில்லை. தொழில் பட்ட கடனுக்கு நானே முழுப் பொறுப்பு. இந்தச் சுவர் என் கண்ணுக்காக நான் எழுப்புவது.

2025 ஜூலை 8, செவ்வாய்

அட்டை வங்கியிலிருந்து தொலைபேசி அழைப்பு. பாக்கி முழுவதையும் 24 மாதத் தவணையாக மாற்றித் தருவார்களாம்; வட்டி மாதம் ஒரு சதவீதம் “மட்டுமே” என்றார் அந்தப் பெண். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதவீதமும் தொடக்கத் தொகையான 400,000 ரூபாவுக்கே கடைசி வரை கணக்கிடப்படுகிறது. வட்டி 96,000, மாதக் கட்டு 20,667. குறைந்துசெல்லும் பாக்கியில் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 21.6 சதவீதம், காதில் விழும் 12 அல்ல. ஆயினும் 28ஐவிடக் குறைவுதான்.

மறுத்துவிட்டேன். அட்டையைப் பயன்படுத்தாமல் மாதம் 30,000 ரூபா கட்டிவந்தால் 28 சதவீத வட்டியோடும் பதினேழாம் மாதத்தில் கடன் முடிகிறது. மொத்தம் ஏறக்குறைய 485,000 போகும், அவர்களுடைய திட்டத்தில் 496,000. வேலை இல்லாத மாதத்தில் குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்திக்கொள்ளும் சுதந்திரமும் என்னிடமே இருக்கும். மாதம் 21,000க்கு மேல் கட்ட முடியாதவருக்கு அந்தத் திட்டம்தான் நல்லது. அப்படியொருவர் என்னிடம் கேட்டால் எடுக்கவே சொல்வேன்.

2025 ஜூலை 21, திங்கள்

ஆடியில் கல்யாணம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அழைப்பிதழ் செய்பவனுக்கு வறட்சி ஆனி நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலை ஆடி நடுவில்தான் வரும். எனவே சம்பளத்தை நல்ல மாதத்தை வைத்துத் தீர்மானிக்க இயலாது. மாதம் 110,000 ரூபா என்று நிர்ணயித்திருக்கிறேன். தொழில் கணக்கிலிருந்து 25ஆம் திகதி ஒரே தடவையில் என் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவேன். இடையில் ஒரு ரூபாவும் எடுப்பதில்லை. இந்த மாதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலிருந்து வந்த தொகைதான் குறையை ஈடுசெய்கிறது. அதை அட்டையில் கட்டினால் வட்டி மிஞ்சும் என்று தம்பி சொன்னான். கணக்கின்படி அவன் சொல்வது சரி. ஆனால் கையிருப்பே இல்லாமல் ஆடியைக் கடப்பவன் மீண்டும் அதே அட்டையைத்தான் தேய்ப்பான்.

பழைய சம்பளம் 145,000. அதற்கு மேல் முதலாளி சேமலாப நிதிக்குக் கட்டிய 12 சதவீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்டிய 3 சதவீதமும் சேர்ந்து மாதம் 21,750 ரூபா என் கண்ணில் படாமலே சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது அது இல்லை. அட்டைக் கடன் முடியும் வரை அந்தப் பள்ளத்தை நிரப்ப முயலப்போவதும் இல்லை.

2025 ஓகஸ்ட் 15, வெள்ளி

மதிப்பிட்ட வரியின் முதல் தவணைக்கு இன்று கடைசி நாள். அடுத்தவை நவம்பர், பெப்ரவரி, மே 15. ஏப்ரல், மே சம்பளத்தையும் சேர்த்து இவ்வாண்டு வருமானம் 24 இலட்சம் என்று மதிப்பிட்டேன். விலக்களிப்பு 18 இலட்சம், மிகுதி 6 இலட்சத்துக்கு 6 சதவீதம் 36,000, தவணைக்கு 9,000.

வரியைவிடக் கடினமானது முற்பணம். நேற்று வந்த வேலையை அப்படியே எழுதுகிறேன். 300 அழைப்பிதழ்கள், ஒன்று 220 ரூபா, மொத்தம் 66,000, முற்பணம் 40,000. மலிபன் தெருவில் அட்டைத் தாளுக்கு 16,500. அச்சுக்கும் பொன் முலாம் எழுத்துக்கும் 19,000. முற்பணத்தில் எஞ்சுவது 4,500. மணமகளின் பெயரில் ஓர் எழுத்து பிழைத்து மறுபடி அச்சடிக்க நேர்ந்தால் அதுவும் போய்விடும். கணக்கெழுதும் சி.ஆர். கொப்பியில் “வந்தது” என்ற நிரலுக்குப் பக்கத்தில் “அவர்களுடையது” என்று இன்னொரு நிரல் போட்டிருக்கிறேன். அழைப்பிதழ்களை ஒப்படைத்த பிறகே மிகுதி “என்னுடையது” நிரலுக்கு மாறும்.

2025 செப்டெம்பர் 9, செவ்வாய்

ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு 140,000 ரூபா பில் கொடுத்தேன், 133,000தான் வந்தது. மாதம் 100,000க்கு மேற்பட்ட சேவைக் கட்டணம் என்பதால் 5 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கொப்பியில் வருமானம் 140,000 என்றும் ஏற்கெனவே கட்டிய வரி 7,000 என்றும் பதிந்து, அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கினேன். அந்தத் தாள் இல்லாவிட்டால் ஏழாயிரமும் வீண்.

வெள்ளவத்தை மாமா ஒருவர் இன்றும், “தம்பி, நான் பழைய கணக்குக்கே காசு போட்டுட்டன்” என்றார். அவருடைய தொலைபேசியில் பழைய இலக்கம்தான் பதிந்திருக்கிறது. “பரவாயில்லை மாமா” என்று சொல்லிவிட்டு, முழுத் தொகையையும் அன்றே தொழில் கணக்குக்கு மாற்றினேன்.

2025 ஒக்டோபர் 24, வெள்ளி

தங்க விலை இந்த மாதம் ஓர் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. அடகு வட்டி கட்டப் போனபோது, அதே காப்புகளுக்கு மேலும் 150,000 ரூபா எடுக்கலாமென்று வங்கியில் சொன்னார்கள். அடகுக்கு 14 சதவீதம், அட்டைக்கு 28. அட்டைப் பாக்கி இப்போது ஏறக்குறைய 314,000. அதில் 150,000ஐ இடம் மாற்றினால் ஆண்டுக்கு 21,000 ரூபா வட்டி மிஞ்சும். நான் தயங்கினேன், அம்மா தயங்கவில்லை. “காப்பு இப்ப மட்டும் என்ர கையிலயா கிடக்குது? வட்டி குறையிறதைப் பார்” என்றார்.

எனக்கிருந்த சிக்கல் வேறு: ஒரே அடகுச் சீட்டில் பிரிண்டர் கடனும் வீட்டுச் செலவுக் கடனும் கலந்துவிட்டால் எந்தக் கணக்கு எவ்வளவு கட்டுவது? பழைய சீட்டை மீட்டு, காப்புக்கு ஒன்றாக இரண்டு சீட்டுகள் போடச் சொன்னேன். அதற்கு அரை மணிநேரம் கூடுதலாகச் சென்றது. அடகுப் பகுதி அலுவலருக்கு என்மேல் சற்று எரிச்சலும் வந்தது. ஒரு சீட்டுக்குத் தொழில் வட்டி கட்டும், மற்றதற்கு என் சம்பளம் கட்டும். தவணை தப்பினால் ஏலத்துக்குப் போவது அம்மாவின் பொருள் என்பதால் இரண்டு சீட்டுகளின் முடிவுத் திகதிகளையும் கொப்பியின் முன்னட்டையில் எழுதியிருக்கிறேன்.

2025 நவம்பர் 14, வெள்ளி

வரித் தவணை 9,000இல் பிடித்துக்கொண்ட 7,000ஐக் கழித்து 2,000 கட்டினேன். கார்த்திகைக் கடைசியில் வேலை குறையும். தை முகூர்த்தங்களுக்கான வேலை மார்கழி நடுவில்தான் வரும். ஆவணியிலும் ஐப்பசியிலும் மிஞ்சியதில் இரண்டு மாதச் சம்பளம் தொழில் கணக்கில் இருக்கிறது. சம்பளத்தை 120,000 ஆக்கலாமா என்று யோசித்தேன். மார்கழி கழிந்து கணக்கைப் பார்த்த பின்பு தீர்மானிக்கலாமென்று விட்டுவிட்டேன். 25ஆம் திகதி வழக்கம்போல 110,000தான்.