போஸ்டர்ல கிராஃப் மட்டும் இருந்தா போதாது

மே மாசக் கடைசில மெமோரியல் டே லாங் வீக்கெண்ட் வந்துச்சுன்னா பிஹேவியர் அனலிசிஸ்ல, அதாவது ஒருத்தர் ஏன் இப்படி நடந்துக்கறாங்கன்னு ஆராயற எங்க ஃபீல்டுல இருக்கறவங்க ஏபிஏஐ கன்வென்ஷனுக்கு கிளம்பிடுவோம். அசோசியேஷன் ஃபார் பிஹேவியர் அனலிசிஸ் இன்டர்நேஷனல், 1974-ல அமெரிக்காவோட மிட்வெஸ்ட் பக்கம் சின்னதா ஆரம்பிச்ச அமைப்பு, இப்போ பல நாட்டுல இருந்து ஆளுங்க வர்றாங்க, ஆட்டிசம் செஷன் மட்டுமே உக்காந்து பாத்து முடிக்க முடியாத அளவுக்கு இருக்கும். எனக்கு மேடையேறி ஸ்லைடு போட்டு பேசுறத விட போஸ்டர் செஷன் தான் பிடிக்கும். பெரிய ஹால்ல வரிசையா போர்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆராய்ச்சிய பெரிய தாள்ல அச்சடிச்சு ஒட்டியிருக்கும், ஸ்டடிய செஞ்சவங்களே முன்னாடி நிப்பாங்க, தலை நரைச்ச ப்ரொஃபசரும் வருவார், இப்பதான் குழந்தைங்களோட நேரடியா உக்காந்து தெரப்பி குடுக்க ஆரம்பிச்ச பொண்ணும் வரும், ரெண்டு பேர் கண்ணும் மொதல்ல போறது கிராஃபுக்கு தான், டைட்டில் எல்லாம் அப்புறம்.

நானும் கூட வேலை பாக்குறவங்களும் எடுத்துட்டுப் போன போஸ்டர் ஃபங்ஷனல் கம்யூனிகேஷன் ட்ரெயினிங் பத்தினது. குழந்தை அடிக்குது, கத்துது, தன்னைத்தானே கடிச்சுக்குதுன்னா அதுக்குப் பின்னாடி ஏதோ ஒரு தேவை இருக்கு, அத கண்டுபிடிச்சு அதையே வேற விதமா கேக்க சொல்லிக் குடுக்கணும், அவ்வளவு தான் இதோட சாரம். 1985-ல எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் ரெண்டு பேரும் நாலு குழந்தைங்களோட செஞ்ச ஸ்டடி தான் இதுக்கு அஸ்திவாரம். பாடம் கஷ்டமா இருக்கறப்போ ரகளை பண்ற குழந்தைக்கு எனக்கு புரியலன்னு சொல்லவும், யாரும் கவனிக்காதப்போ ரகளை பண்ற குழந்தைக்கு நான் நல்லா செய்றேனான்னு கேக்கவும் பழக்கினாங்க. அந்தந்தக் குழந்தையோட காரணத்துக்குப் பொருந்துற வாக்கியமா இருந்தா ரகளை நல்லா கொறஞ்சுது, பொருந்தாத வாக்கியத்த சொல்லிக் குடுத்தா கொறையல. இத எப்ப படிச்சாலும் எனக்கு சிலிர்க்கும், ஏன்னா அதுவரைக்கும் கெட்ட பழக்கம்னு பேர் வச்சிருந்தத இது குழந்தை நம்மகிட்ட எதையோ கேக்குதுன்னு பாக்க வச்ச பேப்பர்.

இதுல எங்களோட கேள்வி என்னன்னா, கேக்க சொல்லிக் குடுக்கறோம் சரி, யார்கிட்ட கேக்க? இங்க அமெரிக்காவுல தெரப்பி சென்டர்ல பழக்கறது பெரும்பாலும் இங்கிலீஷ்ல தான். தமிழ் பேசுற வீட்டுக் குழந்தை ப்ரேக் வேணும்னு இங்கிலீஷ்ல அழகா கேட்டு பழகிடும், சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பாத்துக்கறது ஊர்ல இருந்து ஆறு மாச விசால வந்திருக்கற பாட்டி. பாட்டி சோறு ஊட்டிட்டே இருக்காங்க, குழந்தை ப்ரேக்குங்குது, அவங்களுக்கு அது காதுல கூட விழல, இன்னொரு வாய் வாங்கிக்கோ கண்ணுன்னு திரும்ப ஊட்டுறாங்க. நாலு தடவை கேட்டும் பலன் இல்லன்னா குழந்தை பழைய வழிக்கே போயிடும், தட்ட தள்ளி விடும். எங்க ஃபீல்டுக்கு அடித்தளம் போட்ட உளவியலாளர் ஸ்கின்னர் 1957-லயே எழுதுனது தான், ஒருத்தர் பேசுறதுக்கு பலன் கேக்குறவங்க மூலமா தான் வருது, அப்போ அந்தக் குழந்தையச் சுத்தி கேக்குறவங்க யாரோ அவங்க மொழில தானே சொல்லிக் குடுக்கணும். குழப்பம் வேணாம், வீட்டுலயும் இங்கிலீஷே பேசுங்கன்னு இன்னும் எத்தனையோ பெத்தவங்களுக்கு அட்வைஸ் வருது. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஆட்டிசம் உள்ள குழந்தையோட பேச்சு வளர்ச்சி கெடுதுன்னு ஆராய்ச்சில ஆதாரம் கிடைக்கவே இல்ல. அந்த அட்வைஸ நம்பி குழந்தைகிட்ட தமிழ் பேசுறதையே நிறுத்திட்ட அம்மாக்கள பாத்தா எனக்கு மனசு ஆறவே ஆறாது.

போஸ்டர் முன்னாடி வந்தவங்கள்ல நெறைய பேர் டிசைன் பத்தி தான் கேட்டாங்க. எங்க ஃபீல்டுல நூறு பேர சேத்து சராசரி எடுக்கறத விட ஒவ்வொரு குழந்தையையும் அதோட பழைய நிலையோடயே ஒப்பிட்டு பாக்கறது தான் அதிகம். நாங்க எடுத்த டிசைன் மல்டிபிள் பேஸ்லைன், அதுல மொதல் குழந்தைக்கு ட்ரெயினிங் ஆரம்பிக்கும்போது மத்தவங்க பேஸ்லைன்லயே, அதாவது ட்ரெயினிங்குக்கு முந்தின நிலைலயே இருப்பாங்க, அப்புறம் ரெண்டாவது குழந்தை, அப்புறம் மூணாவது, ஆரம்பிச்ச எடத்துல மட்டும் கோடு மாறுனா மாத்துனது ட்ரெயினிங் தான்னு நம்பிக்கையா சொல்லலாம். ட்ரெயினிங்க நடுவுல நிறுத்திப் பாக்குற ரிவர்சல் ஏன் போடலன்னு ஒருத்தர் கேட்டார், நியாயமான கேள்வி தான், அந்த டிசைன்ல ஆதாரம் பலமாவும் இருக்கும். ஆனா கேக்கக் கத்துக்கிட்ட குழந்தைகிட்ட இனிமே நீ கேட்டாலும் கெடைக்காதுன்னு சில நாள் வச்சுப் பாக்க எங்களுக்கு மனசு வரல, அதையே தான் அவர்கிட்டயும் சொன்னேன்.

நான் எதிர்பாத்துட்டு இருந்தது வேற கேள்வி. இந்த இலக்க யார் முடிவு பண்ணாங்க? குழந்தைக்கு இது பிடிச்சிருந்துச்சா? 1978-ல எங்க ஃபீல்டோட முன்னோடிகள்ல ஒருத்தரான மான்ட்ரோஸ் வூல்ஃப் சோஷியல் வாலிடிட்டின்னு எழுதுனப்போ மூணு விஷயத்த சொன்னார், இலக்கு அந்த மனுஷங்களுக்கு முக்கியமானதா, வழிமுறை அவங்க ஏத்துக்கக் கூடியதா, கெடைச்ச பலன்ல அவங்களுக்கு திருப்தியா. இத்தனை வருஷம் ஆகியும் பல போஸ்டர்ல இது ஓரமா ஒரு வரில தான் கெடக்கு, சிலதுல அதுவும் கெடையாது. ஆட்டிசத்தோட வளந்த பெரியவங்க ஏபிஏ மேல, அதாவது எங்க ஃபீல்டுல இருந்து வந்த இந்த தெரப்பி மேல கோவமா இருக்கறதுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம், கண்ண பாத்து பேசு, கைய ஆட்டாதன்னு யாருக்காகவோ பழக்குனத அவங்க மறக்கல, மறக்கணும்னு சொல்ல நமக்கு உரிமையும் இல்ல. இதே ஏபிஏஐ சங்கத்துல, ஒரு நடத்தைய நிறுத்தறதுக்காக தோல்ல கரண்ட் ஷாக் குடுக்குற முறைய எந்த நிலைமைலயும் எதிர்க்கறோம்னு உறுப்பினர்கள் ஓட்டு போட்டு ஒரு நிலைப்பாடு எடுக்கறதுக்கு 2022 வரைக்கும் ஆச்சு. ரொம்ப லேட், ஆனா அந்த மாற்றம் வந்ததுல வெளில இருந்து விடாம குரல் குடுத்த ஆட்டிஸ்டிக் மனுஷங்களுக்கு பெரிய பங்கு இருக்கு, அவங்கள செஷனுக்கு கூப்ட்டு மேடைல உக்கார வைக்கணும்னு நான் சத்தமாவே சொல்லுவேன்.

ப்ரைவசி பத்தி ஒண்ணு. தெரப்பிக்கு அம்மா அப்பா போட்ட கையெழுத்து கான்ஃபரன்ஸுக்கு செல்லாது, தனியா கேக்கணும், எந்த ஊர்ல யாருக்கு காட்டப்போறோம்னு சொல்லி கேக்கணும். குழந்தை ரகளை பண்ற வீடியோவ ஹால்ல போட்டு காட்டறது எனக்கு சுத்தமா உடன்பாடில்ல, ஒப்புதல் இருந்தாலும் தான். அந்தக் குழந்தை நாளைக்கு வளந்து அத பாக்கும்.

எங்க அடுத்த வேலை சோஷியல் வாலிடிட்டி கேள்விகள பாட்டி தாத்தாவுக்கும் கொண்டு போறது. ஃபார்ம்ல ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் வட்டம் போடச் சொன்னா எங்கள சங்கடப்படுத்தக் கூடாதுன்னு எல்லாரும் அஞ்சையே போட்டுடுவாங்களோன்னு எனக்கு ஒரு பயம், அதனால காகிதத்த ஓரமா வச்சுட்டு உக்காந்து பேசியே கேக்கலாம்னு இருக்கோம்: இப்போ சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கு, அவன் கேக்குறது உங்களுக்கு புரியுதா, நாங்க சொல்லிக் குடுத்ததுல எது உங்களுக்கு சரியா படல. அந்தக் கடைசி கேள்விக்கு வர்ற பதில அடுத்த போஸ்டர்ல கிராஃபுக்கு பக்கத்துலயே, அதே சைஸ்ல போடப்போறோம்.