இரவில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்

முதல் இரண்டு நாள் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று நான் தங்கியிருந்த வீட்டு அமாலே (அங்கே அம்மாவை மரியாதையாக அழைக்கும் சொல்) கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லடாக்கின் லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பும் வெண்ணெயும் கலந்த குர்குர் சாயைக் குடித்தபடி நேரத்தை ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில்தான் இளையோர் தேசிய ஐஸ் ஹாக்கிப் போட்டியைப் பார்க்கக் கிளம்பினேன்.

ஆட்டம் கர்ஸூவில். அது ஒரு குளம். குளிர்காலத்தில் உறைந்து மைதானமாகிவிடுகிறது. கரையில் கம்பளி போர்த்திய பாட்டிகள், பள்ளிப் பிள்ளைகள், சீருடையில் ராணுவ வீரர்கள். லடாக்கில் இந்த ஆட்டம் வேரூன்றியதில் ராணுவத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கோல்கீப்பரோடு சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர், 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. 'பக்' என்பது உள்ளங்கையில் அடங்கும் கெட்டி ரப்பர் வில்லை. எடை 160 கிராமைச் சுற்றி. அது களத்தைச் சுற்றி அடைத்த பலகையில் மோதும் 'டப்' சத்தம் எதிரே உள்ள மலை வரைக்கும் போய்த் திரும்புவது போலிருந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வீரர்கள் மாறிக்கொள்கிறார்கள். கோல்கீப்பர் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஆடுவதில்லை. அவ்வளவு வேகம், அந்தக் காற்றில்!

சமவெளி மாநிலம் ஒன்றிலிருந்து வந்த அணியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சக்கர ஸ்கேட்டில் பழகி வந்த பையன்கள். ஓடுவதில் குறையே இல்லை. நிற்பதில்தான் சிக்கல். ஐஸில் நிற்கவேண்டுமானால் காலணிக்கு அடியில் உள்ள இரண்டு பிளேடுகளையும் சட்டென்று குறுக்கே திருப்பிப் பனித்தூள் பறக்கச் சீவவேண்டும். சக்கரத்தில் பழகிய கால் அதற்கு இணங்குவதில்லை. ஒரு பையன் பக்கைத் துரத்திக்கொண்டு போய் அப்படியே பலகையில் மோதினான். எழுந்தான், மறுபடி ஓடினான், மறுபடி மோதினான். எதிரணிக்குக் கோல் மேல் கோல் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் கரையில் இருந்த பாட்டிகள், அவன் ஒவ்வொரு முறை எழுந்தபோதும் அவனுக்காகக் கை தட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஸ்டிக்கோடு நின்ற சிறுமிகள் பெண்கள் அணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தியப் பெண்கள் அணி 2016இல்தான் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் இறங்கியது. 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. வீராங்கனைகளில் பெரும்பாலோர் லடாக்கிகள். இந்தக் குழந்தைகளுக்கு அவர்கள் பக்கத்துவீட்டு அக்காக்கள்.

அன்று இரவு சாப்பிட்டபின் மறுபடி கர்ஸூவுக்கு நடந்தேன். குளிரில் ஃபோன் அணைந்தேவிட்டது. விளக்கொளியில் நாலைந்து பேர் குழாயால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பகலில் பிளேடு கீறிய தடங்களைக் கூட்டிப் பெருக்கி, மெல்லிசாக ஓர் அடுக்கு ஊற்றி, அது உறைந்தபிறகு அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டினால் தளம் சமமாக வராதாம். "மேகம் போர்த்தினால் கஷ்டம், வானம் தெளிவாக இருக்கணும்" என்றார் ஒரு பெரியவர். தெளிந்த இரவில்தான் குளிர் முழுசாக இறங்கும். லேயில் குளிரூட்டும் குழாய் பதித்த என்.டி.எஸ். என்ற அரங்கம் இப்போது இருக்கிறதுதான். ஆனாலும் இங்கே பல ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளம் உறைந்தால்தான் ஆட்டம். வருஷத்தில் ஏறக்குறைய இரண்டே மாதம். அவர்கள் விளையாடுவதைப் பார்த்ததைவிட, அந்தத் தண்ணீர் உறைவதைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது.

மறுநாள் ஆட்டங்கள் முடிந்து கூட்டம் கலைந்தது. சமவெளிப் பையன்கள் மட்டும் களத்தைவிட்டுப் போகவில்லை. அவர்களைத் தோற்கடித்த அணியின் பையன் ஒருவன் நடுவில் நின்று, முழங்காலை மடக்கு, இடுப்பைத் திருப்பு என்று இந்தியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பலகையில் மோதிக்கொண்டே இருந்தானே, அவன் எட்டாவதோ ஒன்பதாவதோ முயற்சியில் பனித்தூளைச் சிதறடித்துக்கொண்டு நின்றேவிட்டான்.

இருட்டத் தொடங்கியிருந்தது. குழாயோடு வந்தவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து, பையன்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.