இடது காலுக்கு வேலையில்லை

என் அம்மாவுக்கு 1974இல் திருமணச் சீரோடு வந்த கறுப்பு நிற உஷா தையல் இயந்திரத்தில்தான் நான் தைக்கப் பழகினேன். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிய பிறகு அது மதுரையில் உள்ள என் வீட்டுக்கு வந்துவிட்டது. வார்ப்பிரும்புத் தாங்கியும் தோல் பெல்ட்டுமாக இத்தனை ஆண்டுகள் ஓடியும் அதன் நேர்த்தையலில் இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. தேய்ந்தது இயந்திரம் அல்ல, என் வலது முழங்கால். ஒரு மணி நேரம் மிதித்தால் இரவு முழுவதும் வலி என்ற நிலை வந்தபோதுதான் மாற்று ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

எளிய வழி, பழைய இயந்திரத்துக்கே ஒரு சிறு மோட்டாரைப் பொருத்திக்கொள்வதுதான். எங்கள் தெருவில் பழுது பார்ப்பவரும் அதையே சொன்னார். புதியது வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் முந்தைய ஓராண்டில் என்னென்ன தைத்தேன் என்பதை நோட்டில் எழுதிப் பார்த்தபோது, லைனிங் வைத்த ரவிக்கைகளும், ஜன்னல் திரைகளும், நீளம் குறைத்த ஜீன்ஸ் பேண்டுகளும் என் கையால் முடிந்திருக்க, புடவை ஓரத்தைச் சுருட்டித் தைக்கும் பீகோவுக்கும் குழந்தைகளின் சட்டைப் பொத்தான் துளையான காஜாவுக்கும் ஒவ்வொரு முறையும் கடைக்கு நடந்திருப்பது தெரிந்தது. மோட்டார் பொருத்தினால் முழங்கால் தப்பிக்குமே தவிர, நேர்த்தையலைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. ஆகவே ஊசி இடமும் வலமும் அசைந்து தைக்கும் ஜிக்ஜாக் இயந்திரம் ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

மூன்று கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் முதலில் சொல்லப்பட்டது இயந்திரத்தில் எத்தனை டிசைன்கள் என்பதுதான். ஒரே தையலின் வெவ்வேறு பயன்களைத் தனித்தனியாக எண்ணிக் கணக்கைக் கூட்டும் வழக்கமும் உண்டு என்பது விளக்கக் கையேட்டைப் புரட்டிய பிறகே புரிந்தது. நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா, எலாஸ்டிக் வைப்பதற்கான மூன்று குத்து ஜிக்ஜாக் ஆகிய நான்கைத் தாண்டி வீட்டுத் தையலில் என்ன தேவைப்படும் என்று எனக்குத் தெரியவில்லை. வாத்து வரிசையும் இலைக்கொடியும் தைக்கும் ஆசை எனக்கு இல்லை.

கடைக்காரர்கள் தைத்துக் காட்டும் துணியைக் கவனித்திருக்கிறீர்களா? கஞ்சி போட்டதுபோல் விறைப்பான ஒரு துண்டை இரண்டாக மடித்து வைத்திருப்பார்கள். அதில் எந்த இயந்திரமும் முத்து முத்தாகத் தைத்துவிடும். எனவே நான் ஒரு பையில் என் துணிகளையே எடுத்துச் சென்றேன்: லைனிங்கோடு சேர்ந்த டூ பை டூ ரவிக்கைத் துணித் துண்டு, நழுவும் ஷிஃபான் துப்பட்டாவின் ஓரம், நான்கு மடிப்பாக நிற்கும் ஜீன்ஸ் தையல், ஒரு பழைய பனியன். அவற்றில் நானே உட்கார்ந்து, வேகமாக அல்ல, மிக மெதுவாகத் தைத்துப் பார்த்தேன். ரவிக்கைக் கழுத்தை வளைக்கும்போது தேவைப்படுவது வேகம் அல்ல. ஒவ்வொரு குத்தாக இறங்கும் நிதானம்தான். ஓர் இயந்திரம், மெதுவாக அழுத்தினால் முனகிக்கொண்டே நின்று, இன்னும் சற்று அழுத்தியதும் பாய்ந்தது. விலை குறைவாக இருந்தும் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

என்னை அதிகம் குழப்பியது, கீழ் நூலைச் சுற்றிவைக்கும் பாபின். மேலிருந்து போடும் வகையில், கண்ணாடி போன்ற மூடி வழியாக எவ்வளவு நூல் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க முடிகிறது. முன்பக்கமாகப் போடும் வகையோ, நாம் பழகிய, பாபினை உள்ளே வைக்கும் அதே உலோகக் கேஸ் உள்ளது. இதைப் பற்றிப் படித்தபோது ஒரு சுவையான செய்தி கிடைத்தது. 1921இல் ஜப்பானில் தொடங்கிய ஜானோம் நிறுவனத்தின் பெயருக்கு அந்நாட்டு மொழியில் பாம்பின் கண் என்று பொருளாம். நெசவுத் தறியின் நாடாவைப் போல நீளமாக இருந்த பழைய ஷட்டிலுக்கு மாற்றாக வந்த வட்டப் பாபின் பாம்பின் கண்ணைப் போல் இருந்ததால் வந்த பெயர் அது. பாம்பின் கண்ணை மூடி வழியாகப் பார்த்துக்கொண்டே தைக்கும் வசதி எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பழுது பார்ப்பவர், "அக்கா, கேஸ் உள்ளதையே எடுங்க, கெட்டா என்கிட்டயே கிடைக்கும்" என்றார். ஊசியும் பாபினும் கேஸும் தெருமுனையில் கிடைப்பதே பெரிய வசதி என்று எண்ணி, முன்பக்கம் போடும் வகையையே வாங்கினேன். கீழ் நூல் தீரும் ஒவ்வொரு முறையும் முன்பலகையைக் கழற்ற வேண்டியிருப்பது எரிச்சல்தான். இருந்தாலும் அந்தப் பலகையைக் கழற்றினால் கிடைக்கும் குறுகிய கைப்பகுதியில் ரவிக்கையின் கைகளை வளையல்போல் மாட்டித் தைக்க முடிகிறது என்பதால் அதை மன்னித்துவிட்டேன்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி: கரண்ட் போனால் என்ன செய்வாய்? 2012இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தமிழ்நாடே தவித்தபோது, அந்தக் கறுப்பு இயந்திரம் ஜன்னல் வெளிச்சத்தில் தீபாவளி ரவிக்கைகளைத் தைத்து முடித்ததை அவர் மறக்கவில்லை. பழையதை விற்கப்போவதில்லை என்று சொன்ன பிறகே சமாதானமானார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் கை, கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. பழைய இயந்திரத்தின் மிதிப்பலகையில் இரண்டு பாதங்களும் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும். சக்கரத்தை வலது கையால் நம் பக்கமாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டுத்தான் மிதிக்கத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று நூல் அறுந்துவிடும். புதியதில் சக்கரத்தைத் தொடவே வேண்டியதில்லை, வலது கால்விரல்களால் சிறிய மிதியை லேசாக அழுத்தினால் போதும். ஆனால் தையலைத் தொடங்கும் போதெல்லாம் கை தானாகச் சக்கரத்துக்குப் போனது. வேலையிழந்த இடது காலோ, அழுத்த எதுவும் இல்லாத தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தையல் வகுப்பில் சேர்ந்த பெண்களுக்குச் செய்யச் சொல்வதைப்போல, நூல் கோக்காமல் ஒரு தேய்ந்த ஊசியை மாட்டி, கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு நாள் ஓட்டிப் பழகினேன். மிதி தரையில் வழுக்கி ஓடுவதைத் தடுக்க அதன் அடியில் ஒரு ரப்பர் விரிப்பும் போட்டேன்.

அடுத்து வந்த சிக்கல் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. தைக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் துணியின் அடிப்பக்கம் நூல் சடையாகத் திரண்டு, துணி, அதை நகர்த்தும் அடிப்பற்களோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அடியில் நூல் திரண்டால் குற்றம் கீழ் நூலுடையது என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் கேஸின் சிறு திருகை முறுக்கினேன், தளர்த்தினேன், பாபினைப் பலமுறை சுற்றிப் போட்டேன். உண்மையில் குற்றவாளி மேல் நூல். 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரம் முதல் இன்றுவரை இவ்வகைத் தையலின் அடிப்படை ஒன்றுதான்: ஊசி கீழே கொண்டுபோகும் மேல் நூலின் வளையத்தில் கீழ் நூல் கோத்துக்கொள்கிறது. என் இயந்திரத்தில் அந்த வளையத்தைக் கீழ் நூலைச் சுற்றி இழுத்துச் செல்வது கொக்கி. பிறகு ஏறி இறங்கும் மேல் நெம்புகோல் மிச்ச நூலை மேலே இழுத்து இறுக்குகிறது. மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் உட்காராமல் இருந்தால் இறுக்கமே இல்லாமல் இழுபட்டு, வளையமெல்லாம் அடியிலேயே தங்கிவிடும். துணியை அழுத்தும் பாதம் கீழே இறங்கியிருக்கும்போது அந்தத் தட்டுகள் மூடியிருக்கும் என்பதால், பாதத்தைத் தூக்கிவைத்துத்தான் நூல் கோக்க வேண்டும். பழைய இயந்திரத்தின் தட்டுகள் கண் முன்னே தெரிந்ததால், நூல் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டே இழுத்துவிடுவேன். புதியதில் அவை பிளாஸ்டிக் உடலுக்குள் மறைந்திருக்கின்றன. பாதத்தைத் தூக்கி நூலைக் கோத்து, தொடக்கத்தில் இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாக விரலால் பிடித்துக்கொண்டதும் சடை அன்றோடு நின்றது. நான் திருகிக் கெடுத்த கேஸைச் சரிசெய்யத்தான் இன்னும் அரை நாள் ஆனது.

தோள்பட்டை வலியின் காரணத்தையும் தாமதமாகவே கண்டுபிடித்தேன். பழைய இயந்திரத்தில் தைக்கும் தளமும் மேசைப் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கும். புதியதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தால் தைக்கும் தளம் நான்கு விரற்கடைக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. உயரம் குறைந்த மேசைக்கு மாற்றிய பிறகு வலி போய்விட்டது.

ஊசி விஷயத்தில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் ஊசி உடையும்வரை 16ஆம் எண் தடித்த ஊசியிலேயே எல்லாவற்றையும் தைப்பேன். இப்போது டூ பை டூவுக்கும் ஷிஃபானுக்கும் 11, திரைச்சீலைக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என மாற்றுகிறேன். பழைய இயந்திரத்தில் பக்கவாட்டில் திரும்பியிருந்த ஊசியின் தட்டைப் பக்கம் இதில் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தவறி மாட்டினால் தையல் விழவே விழாது. தையல் தொழிற்சாலைகளின் பவர் மெஷின்களுக்கான ஊசியின் மேல்தண்டு முழு உருளையாக இருக்கும் என்பதால், வாங்கும்போது வீட்டு இயந்திரத்துக்கு என்று சொல்லி வாங்குவது நல்லது.

அம்மா தொலைபேசியில், எண்ணெய் விட்டாயா என்று வாரம் ஒருமுறை கேட்கிறார். கறுப்பு இயந்திரத்துக்குத் துளைதோறும் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழகிய கை அவருடையது. இதில் கொக்கி ஓடும் இடத்தில் சேரும் பஞ்சைத் தூரிகையால் துடைத்துவிட்டு அங்கே ஒரு சொட்டு விட்டால் போதும் என்று கையேடு சொல்கிறது. அதை நம்ப அவர் இன்னும் தயாராக இல்லை.

சென்ற வாரம் ஒரு சுங்குடிப் புடவைக்கு வீட்டிலேயே பீகோ அடித்தேன். குறுகிய ஜிக்ஜாக்கை நெருக்கமாக வைத்து, ஊசியின் ஒரு குத்து துணியிலும் அடுத்த குத்து விளிம்புக்கு வெளியிலும் விழும்படி ஓட்டினால், மெல்லிய பருத்தித் துணி தானாகச் சுருண்டு நூலுக்குள் அடங்கிவிடுகிறது. கடைப் பீகோவின் மெருகு இல்லை என்றாலும் முந்தானைப் பக்கம் மோசமில்லை. பனியன் துணியில்தான் இன்னும் தையல் விட்டு விட்டு விழுகிறது. முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசியை வாங்கி வந்து, இந்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் முயல வேண்டும்.