கறுப்பு எண்ணெய்

“இந்தியாக்காரம்மாவுக்கு இதெல்லாம் வெளங்காதுண்ணே. நீங்க காடிய விட்டுட்டுப் போங்க.”

கார்ப் பட்டறைக்காரர் இதைச் சொன்னது என் கணவரிடம். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, அதற்குள் ஏன் மறுபடி எண்ணெய் மாற்ற வேண்டும்? அவரும் தமிழர்தான். கல்லாவுக்கு மேல் பத்துமலை முருகன் படம், அதில் காலையில் சாத்திய பூ. இவ்வளவு இருந்தும் அவருக்கு நான் இந்தியாக்காரம்மா.

மலேசியாவில் இந்தச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியை இங்கே இப்படித்தான் சொல்வார்கள்) மீன்காரர், தையல்காரம்மா, எதிர்வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் பெயர் இதுதான். கோயில் குருக்கள் கும்பகோணத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர், அவரும் அப்படித்தான் சொல்கிறார்! இத்தனைக்கும் என் மாமனாரின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். நான் திருச்சியில் விமானம் ஏறி நாலு மணி நேரத்தில் வந்தவள். மன்னார்குடியிலிருந்து நாகப்பட்டினம் என்ன தூரம்? அவர் கொஞ்சம் முன்னால் கிளம்பிவிட்டார், அவ்வளவுதான்.

வீடு திரும்பும் வழியில் “இனிமேல் எண்ணெயை நானே மாத்துறேன்” என்றேன். இவர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

எங்கள் வண்டி, மாமனார் விட்டுப்போன புரோட்டோன் வீரா. வயதில் எனக்குத் தம்பி. மலாயில் வீரா என்றால் வீரன் என்று சொன்னபோது, பரவாயில்லை, நம்ம ஊர்ப் பெயர்தான் என்று அதன் மேல் எனக்கு ஒரு பாசம் வந்தது. இங்கே காரைக் காடி என்கிறார்கள். ஊரில் காடி என்றால் புளித்த கஞ்சித் தண்ணீர். முதல் மாதம் “காடியில ஏறு” என்று அத்தை சொன்னபோது நான் விழித்த விழியை இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சரி, எண்ணெய். ஸ்பேர் பார்ட் கடைத் தவுக்கேக்கு, அதாவது சீன முதலாளிக்கு, எழுபது வயது இருக்கும். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசுவார். “எஞ்சின் ஆயில் வேணும்” என்றேன்.

“மிஞாக் ஹீத்தாமா?”

ஹீத்தாம் என்றால் கறுப்பு. எனக்கு அந்த அளவுக்கு மலாய் வந்துவிட்டது. வந்தது வினையாகப் போயிற்று. “ஐயோ, கறுப்பு வேண்டாம் தவுக்கே! புது எண்ணெய் வேணும். பழசை ஏன் என் தலையில கட்டப் பாக்குறீங்க?”

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த நாட்டில் எஞ்சின் எண்ணெய்க்குப் பேச்சுவழக்கில் பெயரே கறுப்பு எண்ணெய்தான். டின்னிலிருந்து தேன் மாதிரி இறங்கினாலும் அது கறுப்பு எண்ணெய். தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை. நாலு லிட்டர் டின் ஒன்றைத் திறந்து காட்டி, ஃபில்டரையும் எடுத்து வைத்தார். அப்புறம், அடியில் இருக்கிற நட்டுக்குப் போடும் வாஷர் ஒன்று, ஒரு வெள்ளி (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள்), வேண்டுமா என்றார். இது பணம் பிடுங்கும் வேலை என்று வேண்டாம் என்றேன். அந்த ஒரு வெள்ளி பிறகு வரும்.

சனிக்கிழமை. பாமாயில் மில்லில் பழம் குவிந்து கிடந்ததால் இவர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். செம்பனைக் குலையை வெட்டியபின் போட்டுவைக்க முடியாது. நேரம் ஆக ஆக எண்ணெயில் புளிப்பு ஏறும். ஆக, ஊரே எண்ணெய் வேலையில் இருந்தது, நானும் இருந்தேன். முன்சக்கரங்களைப் பலகை அடுக்கி ஏற்றினேன். பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன். சூடேறினால் எண்ணெய் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு சீக்கிரம் இறங்கும். இது வரை எல்லாம் முறைப்படி. எண்ணெய் பிடிக்க எதை வைப்பது என்று மட்டும் யோசித்திருக்கவில்லை. அத்தை முறுக்கு மாவு பிசைகிற அலுமினியப் பேசின் கொடியடியில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

நட்டை ஸ்பானர் போட்டு இளக்கி, பிறகு விரலால் சுற்றினேன். கடைசிச் சுற்றில் அது கையை விட்டுப் போயிற்று. எண்ணெய் நேராகக் கீழே விழும் என்றுதானே யாரும் நினைப்போம்? விழவில்லை. குழாயைத் திறந்த மாதிரி வளைந்து, பேசினைத் தாண்டி, என் முழங்கைக்கு வந்தது. பேசினை நகர்த்தினேன். வேகம் குறையக் குறைய வளைவும் சுருங்கியது. மறுபடி நகர்த்தினேன். அதற்குள் எண்ணெய் மணிக்கட்டில் இறங்கி, கை வழியே வந்து, அக்குளில் தேங்கி, கழுத்துக்குப் போய்விட்டது.

அத்தை தேநீர்க் கோப்பையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கு, மரம், கொட்டகை என்று அந்த வாழ்க்கையைப் பற்றி அதிகம் பேச மாட்டார். அன்று பேசினார்.

“ஏம்மா, பால் குளிர்லதான் எறங்கும். வெயில் ஏறிட்டா நின்னுரும். அதுக்குத்தான் நாங்க இருட்டோட ஓடுவோம். இதென்ன, நீ சூடேத்தி எறக்குற?”

“இது எண்ணெய் அத்தே.”

“எதுவா இருந்தா என்ன? மரத்துல பீலி அடிச்சுட்டுத்தான் மங்கு வைப்போம். பீலி இல்லாம விட்டா இப்பிடித்தான் மேல கீழ ஊத்தும்.”

பீலி என்பது பால் வழியும் மூக்கு, மங்கு அதைப் பிடிக்கும் கிண்ணம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில்தான் பேசின் விளிம்பு வரை வந்துவிட்டதைக் கவனித்தேன். மூன்று லிட்டருக்கு மேல் வரும் என்று படித்திருந்தேன். பேசின் எவ்வளவு பிடிக்கும் என்று அளக்கவில்லை. நட்டைப் போட்டு அடைக்கலாம் என்றால், நட்டு பேசினுக்கு அடியில், எண்ணெய்க்குள். கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அழுத்தினேன்.

“அத்தே! ஒரு சட்டி கொண்டாங்க, சீக்கிரம்!”

“எந்தச் சட்டி?”

“எந்தச் சட்டியா இருந்தாலும்!”

“மீன் சட்டியா, தயிர்ச் சட்டியா? மீன் சட்டின்னா ஊறவெச்சுருக்கேன்.”

கட்டைவிரலில் இளஞ்சூடு. வண்டியின் வயிறு என் மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்தால் விரல் நகர்ந்தது, நகர்ந்தால் கொட்டியது.

கடைசியில் வந்தது குளியலறை வாளி. நான் வெளியே ஊர்ந்து வந்தபோது அத்தை என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். “பொம்பளைக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமைலா. சனிக்கிழமை ஆம்பளைக்கு.”

அந்த எண்ணெய் வாடைதான் என்னைக் கெடுத்தது. எங்கள் வயலில் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. நாங்கள் ஆயில் எஞ்சின் என்போம். அப்பா அதன் பழைய எண்ணெயை ஒரு சொட்டு வீணாக்க மாட்டார். தொழுவத்துத் தூணுக்குக் கரையான் ஏறாமல் இருக்கத் தேங்காய் மட்டையால் பூசுவார். மாட்டுவாடையும் அந்த வாடையும் கலந்தால்தான் எனக்கு அது எங்கள் வீடு. இரண்டு விரலுக்கு நடுவே எண்ணெயைத் தேய்த்துப் பார்த்து, “இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்” என்பார். நானும் தேய்த்துப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது, ஆனாலும் தலையாட்டுவேன். அப்பாவிடம் எண்ணெய் மாற்றக் கற்றுக்கொண்டேன் என்று இங்கே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் கற்றுக்கொண்டது அந்தத் தலையாட்டல் மட்டும்தான்.

நட்டைத் தேடி எடுத்து முடுக்கினேன். பழைய பனியன் துணியைச் சுற்றிப் பிடித்துப் பழைய ஃபில்டரைக் கழற்றினேன். புதியதன் வாய் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால் இறுக்கினேன். மூன்று லிட்டர் ஊற்றி, குச்சியை விட்டு அளவு பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். போன் எடுத்து ஒரு படம்கூடப் பிடித்துக்கொண்டேன், பட்டறைக்காரருக்கு இவர் மூலமாகக் காட்ட. அப்புறம் சாவியைத் திருப்பினேன்.

“ஏம்மா, காடி மூத்திரம் போவுது!”

நான் இறங்கி ஓடி வந்து பார்ப்பதற்குள், பார்த்துவிட்டு மறுபடி ஓடி எஞ்சினை நிறுத்துவதற்குள், புது எண்ணெயில் பாதி தரையில். கறுப்பு எண்ணெய் என்று பெயர் வைத்தவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். போர்ச் முழுக்கத் தேன் கொட்டிய மாதிரி இருந்தது.

ஃபில்டரை இறுக்கினேன். எந்தப் பயனும் இல்லை. கழற்றித் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை கோப்பையை வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அறுபத்தெட்டு வயதில் ஒருக்களித்துப் படுத்துக் கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார்.

“இங்க ஒரு ரப்பர் ஒட்டிக்கிட்டு நிக்குதும்மா.”

நகத்தால் நெம்பி எடுத்தார். பழைய ஃபில்டரின் வளையம். அது எஞ்சின் பக்கமே ஒட்டி நின்றுவிட, புதியதன் வளையம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் ஓடி, பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளியதும் இரண்டு வளையங்களுக்கும் நடுவே பிதுங்கிக்கொண்டு கொட்டியிருக்கிறது. அத்தை அதைக் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பார்த்தார். “எத்தன மரத்த வெட்டிருக்கேன். ரப்பர் எனக்குத் தெரியாதா?”

அது பால்மரத்து ரப்பர் இல்லை. மரத்து ரப்பர் இந்த எண்ணெயில் ஊறி உப்பிப் போகும், அதனால் இந்த இடத்துக்குச் செயற்கை ரப்பர்தான் என்று ராத்திரி இவர் சொன்னார். அத்தையிடம் நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை.

வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் தரையில் இருப்பதெல்லாம் லொங்காங் என்கிற சாக்கடைக்குப் போய், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்கின் வாத்துகளிடம் போய்ச் சேரும். மரத்தூள் தேடி நான் பின்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது அத்தை ஒரு பையைக் கவிழ்த்து வெள்ளையாகத் தூவிக்கொண்டிருந்தார்.

என் கோலமாவு.

மன்னார்குடியிலிருந்து இரண்டு கிலோ கட்டிக்கொண்டு வந்தது. விமான நிலையத்தில் அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளைப் பொடியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க, நான் காற்றில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் காட்டி மீட்டுவந்தது. இங்கே கோலம் என்றால் பெரும்பாலும் தீபாவளிக்கு வண்ண அரிசியில் போடுவது, பேரங்காடிகளில் ஆளுயரத்துக்குப் போடுவார்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் சாணி மெழுகிய ஈரத் தரையில், அம்மா இரண்டு விரலால் இழுக்கிற இழை வேறு. அதற்காகவே மார்கழிக்கு மட்டும் எடுத்து, நாலு வருஷமாகச் சிட்டிகை சிட்டிகையாகச் செலவழித்து வைத்திருந்தேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும், அது எண்ணெயை உறிஞ்சியது. வெள்ளை மெல்ல மெல்லத் தவிட்டு நிறமாகி, கட்டி கட்டியாகி, கூட்டி அள்ளினால் கையோடு வந்தது. மழை வந்தபோது லொங்காங்கில் மெல்லிய வானவில் ஒன்று மட்டும் போயிற்று. வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கை கழுவத்தான் வழியில்லை. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அத்தை அடுப்படியிலிருந்து பாக்கெட் எண்ணெயும் சர்க்கரையும் கொண்டுவந்து, என் கையைத் தன் மடியில் வைத்து, நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்தார். இரண்டு வெள்ளி ஐம்பது காசு, அரசாங்கம் விலை கட்டிய ஒரு கிலோ பாமாயில். ஊரில் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்க அம்மாவோடு நான் வரிசையில் நின்ற அதே பாமாயில். பெரும்பாலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்துதான் அங்கே வருகிறது. இந்த ஊரில் காய்த்ததில்கூட ஒரு பாக்கெட் எங்கள் வீட்டு அப்பளத்துக்கு வந்திருக்கலாம். அப்போது அது எந்த ஊர் எண்ணெய் என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை நட்டுக்குக் கீழே ஐம்பது காசு அளவில் ஒரு கறுப்புச் சொட்டு. அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், இன்னும் விடியவில்லை. தூக்கக் குரலிலேயே கேட்டார்: “வாஷர் புதுசு போட்டியா?”

ஒரு வெள்ளி. தவுக்கேயிடம் மறுபடி போனேன். என்ன வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. மேசை மேல் எடுத்து வைத்தார்.

இவருக்கு வேறு கவலை. மில்லில் பழைய எண்ணெய் சேர்த்துவைக்கிற பீப்பாய்களுக்கு இவர்தான் பொறுப்பு. 2005ஆம் ஆண்டு விதிப்படி அது அட்டவணைக் கழிவு, குறியீடு எஸ்டபிள்யூ 305. சீட்டு ஒட்டி, பூட்டிய கொட்டகையில் வைத்து, கணக்கு எழுத வேண்டும். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் குளியலறையில் ஒரு வாளி 305! போத்தல்களில் ஊற்றிக் கட்டி, “பட்டறையில குடுத்துரு, அவங்க சேத்து அனுப்புவாங்க” என்றார். நீங்கள் போங்கள் என்றேன். நீதானே மாற்றினாய் என்றார்.

போனேன். அதே பட்டறை, அதே முருகன். போத்தல்களை வரிசையாக வைத்தேன். அவர் போத்தல்களைப் பார்த்தார், பிறகு என் நகங்களைப் பார்த்தார்.

“நீங்களே எறக்குனீங்களா?”

“ஆமா. மிஞாக் ஹீத்தாம், ஃபில்டர், வாஷர், எல்லாம் நானே மாத்திட்டேன்.” அச்சு அசலாக இந்த ஊர்க்காரி மாதிரி வந்தது, எனக்கே பெருமையாக இருந்தது.

“பரவால்லையே” என்றவர் நோட்டை எடுத்தார். “எந்த ஊரும்மா நீங்க?”

“மன்னார்குடி” என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “இல்லம்மா, எந்த தாமான்னு கேட்டேன். இன்னும் எண்ணெய் இருந்தா பையன அனுப்பி எடுத்துக்கலாம்னு.”